2027 சீசன் டெக்கால் தாள்களுக்கு முன்பதிவு ஏன் இன்னும் திறக்கவில்லை?

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். உலக ராலி சாம்பியன்ஷிப்பின் (சாலைகளில் ஒவ்வொரு காராக நேரம் வைத்து ஓட்டும் கார் பந்தயத் தொடர்) 2027 சீசனுக்கான டெக்கால் தாள்கள் (மாதிரிக் கார்களில் ஒட்டும் அச்சுத் தாள்கள்), ஜன்னல் பெயர்ப் பட்டைகள், சுவர் அட்டவணை மூன்றுக்கும் முன்பதிவு எப்போது என்று கேட்டுப் பலர் எழுதியிருக்கிறீர்கள். சிலர் கேட்பதோடு நிற்கவில்லை. "இன்னார் இன்ன டீமுக்குப் போவது முடிவாகிவிட்டது, அச்சடிக்க வேண்டியதுதானே" என்று பெயர் போட்டே எழுதுகிறீர்கள். ஒரே டிரைவரை ஆளுக்கொரு டீமில் உட்காரவைத்து, எல்லோரும் அதே உறுதியோடு எழுதியிருப்பதுதான் வேடிக்கை.

சுருக்கமான பதில் இது: முதல் போட்டியின் நுழைவுப் பட்டியல் (யார் எந்தக் காரில் ஓடுகிறார் என்ற பட்டியல்) அதிகாரபூர்வமாக வெளியான பிறகே பெயர்ப் பட்டைகளை அச்சுக்கு அனுப்புவோம். அதுவரை முன்பதிவும் கிடையாது, முன்பணமும் வாங்க மாட்டோம். ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்பவர்களுக்காகத்தான் இந்த மடலின் மீதிப் பகுதி.

2016 நவம்பரை நினைத்துப் பாருங்கள். ஃபோக்ஸ்வேகன் அப்போது தொடர்ந்து நான்கு ஆண்டுகள் டிரைவர் பட்டத்தையும் டீம் பட்டத்தையும் வென்றிருந்தது. 2017 விதிகளுக்கான புதிய போலோ கார் தயாராகிச் சோதனை ஓட்டத்தில் இருந்தது. செபாஸ்டியன் ஓஜியே, யாரி-மட்டி லட்வாலா, ஆண்ட்ரியாஸ் மிக்கெல்சன் என்ற மூன்று பெயர்களில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சீசன் முடிவதற்குள்ளாகவே கம்பெனி விலகுவதாக அறிவித்தது. அந்தப் போலோ உலகச் சாம்பியன்ஷிப்பில் ஒரு ஸ்டேஜ்கூட (நேரம் கணக்கிடும் சாலைப் பகுதி) ஓடவில்லை. நடப்புச் சாம்பியனான ஓஜியே டொயோட்டாவையும் ஃபோர்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டு, டிசம்பரில் ஃபோர்டு கார்களை இறக்கும் எம்-ஸ்போர்ட் டீமில் சேர்ந்தார்; 2017, 2018 இரண்டு ஆண்டும் பட்டம் அவருக்கே. லட்வாலா டொயோட்டாவுக்குப் போய், 2017இன் இரண்டாவது போட்டியான ஸ்வீடனையே வென்றார். அக்டோபரில் இப்படி ஒரு பட்டியலை யாராவது எழுதியிருந்தால் சிரித்திருப்போம்.

அடுத்தது 2019. ஒப்பந்தம் மீதமிருக்கும்போதே ஓஜியே சிட்ரோயனை விட்டுக் கிளம்பினார். முன்வரிசை டிரைவர் கிடைக்காததைக் காரணம் காட்டி சிட்ரோயன் உலக ராலியையே விட்டு விலகியது. அங்கே ஒப்பந்தத்தோடு இருந்த எசபெக்கா லாப்பி எம்-ஸ்போர்ட்டில் இடம் தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. ஊகப் பட்டியல்கள் இந்த மாதிரி விஷயத்தில்தான் தடுமாறுகின்றன. யார் எந்த இருக்கைக்குப் போவார் என்றுதான் கணக்குப் போடுகிறார்களே தவிர, இருக்கையே இல்லாமல் போவதைப் பற்றி யாரும் கணக்குப் போடுவதில்லை.

டிரைவரே இல்லாமல் போவதும் உண்டு. கல்லே ரோவன்பெரா தனது 22ஆவது பிறந்தநாளுக்கு மறுநாள், 2022 நியூசிலாந்து ராலியில், மிக இளைய உலகச் சாம்பியன் ஆனார். 2023இலும் வென்றார். இன்னும் பத்து ஆண்டுகளுக்கு டொயோட்டாவின் ஒரு கார் இவருடையது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். 2025 முடிவோடு ராலியை விட்டுவிட்டு சர்க்யூட் பந்தயத்துக்குப் போகிறேன் என்று அறிவித்துவிட்டார். அதே சீசன் முடிவில் ஓட் டானக்கும் முழுநேர ஓட்டத்திலிருந்து ஒதுங்கினார்.

நல்ல விதமாகத் தலைகீழாவதும் நடக்கிறது. ஒலிவர் சோல்பெர்க் 2022க்குப் பிறகு ஹ்யுண்டாயில் இடம் இழந்தவர். இரண்டாம் நிலையான ராலி2 காரில் ஓடிக்கொண்டிருந்தவருக்கு 2025 எஸ்டோனியாவில் மட்டும் முன்வரிசை வகையான ராலி1இல் ஒரு டொயோட்டா காரைக் கொடுத்தார்கள். வந்தார், ஜெயித்தார். 2026க்கு முழு சீசன் இருக்கை கிடைத்தது. எஸ்டோனியாவுக்கு முந்தைய வாரம் வரை அவர் பெயர் போட்ட ராலி1 பட்டையை யாரும் எங்களிடம் கேட்டதில்லை. இதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை, நாங்களும்தான் எதிர்பார்க்கவில்லை.

சரி, டீம் அறிவித்துவிட்டது, இப்போதாவது அச்சடிக்கலாமே என்றால், அங்கேயும் ஒரு சிக்கல். இன்றைய ராலியில் ஓர் இருக்கை என்பது ஒரு முழு சீசன் அல்ல. ஒன்பது பட்டங்கள் வென்ற செபாஸ்டியன் லோப் 2013இல் நான்கே நான்கு போட்டிகளில் இறங்கி இரண்டை வென்றார். 2018இல் மூன்று போட்டிகளுக்கு வந்து ஸ்பெயினை வென்றார். 2022இல், 47 வயதில், ஃபோர்டு பூமாவில் மான்டி கார்லோவை வென்றார். ஹ்யுண்டாய் 2024இல் மூன்றாவது காரை லாப்பி, மிக்கெல்சன், டானி சோர்டோ மூவருக்கும் பங்குபோட்டுக் கொடுத்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே கார், ஒரே வண்ணம். டெக்கால் அச்சடிப்பவனுக்கு அது மூன்று வேறு பெயர், மூன்று வேறு எண், மூன்று வேறு கொடி. டீம் பட்டத்துக்கு மூன்று கார்களைக் குறித்துக் கொடுத்தாலும் முதல் இரண்டின் புள்ளிகளே கணக்கில் சேரும் என்பதால், மூன்றாவது காரில் ஆளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க டீம்களுக்குத் தயக்கமே இல்லை.

பகுதிநேர ஓட்டம் ஏன் இப்படிப் பெருகியது? வயது, குடும்பம், பணம் என்று பல காரணங்கள் சொல்லலாம். எங்கள் பார்வையில், அதிகம் பேசப்படாத காரணம் போட்டி விதியிலேயே இருக்கிறது: யார் முதலில் கிளம்புவது என்ற வரிசை. சரளை மண் பாதையில் முதலில் போகிற கார் மேலே கிடக்கும் பொடிக்கல்லைத் தள்ளிக்கொண்டு போகிறது. பின்னால் வருகிறவருக்குச் சுத்தமான, பிடிப்பான தடம் கிடைக்கிறது. விதிப்படி, முதல் நாளில் முதலில் கிளம்ப வேண்டியவர் புள்ளிப் பட்டியலில் முதலிடத்தில் இருப்பவர். மற்றவர்களுக்காக வாசல் பெருக்கிவிட்டுப் போகிற வேலை அது. சில போட்டிகளைத் தவிர்த்தவருக்குப் புள்ளிகள் குறைவு, ஆகவே அவர் பின்னால் கிளம்புகிறார். தார்ச் சாலையில் கதை வேறு. அங்கே முன்னால் போகிறவர்கள் வளைவின் உள்விளிம்பை வெட்டிச் சேற்றையும் கல்லையும் சாலைக்கு இழுத்துப் போட, பின்னால் வருகிறவர் திண்டாடுகிறார். ஆனால் சீசனில் சரளைப் போட்டிகளே அதிகம். 2025இல் ஓஜியே 14 போட்டிகளில் மூன்றைத் தவிர்த்துவிட்டு, எல்லாவற்றிலும் ஓடிய தன் டீம் தோழர் எல்ஃபின் எவன்ஸை முந்தி ஒன்பதாவது பட்டம் வென்றார். ஓஜியே வேகம் யாருக்கும் குறைந்ததல்ல, அதை மறுக்கவில்லை. ஆனால் சீசன் முழுக்கப் பல முறை முதல் ஆளாகப் பாதையைத் துடைத்த எவன்ஸின் நிலையையும் சேர்த்துத்தான் அந்தப் பட்டத்தைப் பார்க்க வேண்டும்.

இந்த வரிசை விதியும் நிலையாக இருந்ததில்லை. 2012, 2013இல் சரளைப் போட்டிகளுக்குத் தகுதிச் சுற்று ஒன்று வைத்து, வேகமானவர் தன் இடத்தைத் தானே தேர்ந்தெடுக்க விட்டார்கள். 2015, 2016இல் பட்டியல் தலைவர் முதல் இரண்டு நாளும் முன்னால் போக வேண்டும் என்றார்கள். அப்போது அதை எதிர்த்து அதிகம் குரல் கொடுத்தவரும் ஓஜியேதான். 2017இல் அது ஒரு நாளாகச் சுருங்கியது. ஒவ்வொரு முறை மாறும்போதும் பகுதிநேர இருக்கையின் மதிப்பு ஏறி இறங்குகிறது. அதனால்தான் சொல்கிறோம்: டிரைவர் பற்றிய ஊகமும் போட்டி வடிவம் பற்றிய ஊகமும் தனித்தனி அல்ல. விதி தெரியாமல் யார் எத்தனை போட்டிக்கு வருவார் என்று சொல்ல முடியாது.

சுவர் அட்டவணை கேட்பவர்களுக்கு இது இன்னும் நேரடியான பிரச்சினை. புள்ளிகளைக் குறிக்க ஒவ்வொரு போட்டிக்கும் எத்தனை கட்டம் போடுவது? 2010 முதல் வெற்றிக்கு 25, இரண்டாம் இடத்துக்கு 18 என்று போய்க்கொண்டிருந்தது. 2011இல் பவர் ஸ்டேஜ் (போட்டியின் கடைசி ஸ்டேஜ்) புள்ளிகள் சேர்ந்தன, முதலில் மூவருக்கு, 2017 முதல் ஐவருக்கு. 2024இல் ஒரேயடியாக மாற்றி, சனிக்கிழமை நிலவரத்துக்கு அதிகபட்சம் 18, ஞாயிறு ஓட்டத்துக்குத் தனியாக 7, பவர் ஸ்டேஜுக்கு 5 என்று பிரித்தார்கள். விளைவு உடனே தெரிந்தது. அந்த ஆண்டு ஸ்வீடனை வென்றவர் லாப்பி. ஆனால் அங்கே அதிகப் புள்ளிகளோடு கிளம்பியவர் இரண்டாவதாக வந்த எவன்ஸ். ஜெயித்தவனுக்குக் குறைந்த புள்ளி என்பதைச் சாதாரணப் பார்வையாளருக்கு எப்படி விளக்குவது? ஒரே ஆண்டில் அந்த முறை மூட்டை கட்டப்பட்டது. 2025இல் வெற்றிக்கு மறுபடி 25, இரண்டாம் இடத்துக்கு 17, ஞாயிறுக்கு 5, பவர் ஸ்டேஜுக்கு 5 என்று வந்தது. 17 எங்கிருந்து முளைத்தது என்று கேட்காதீர்கள். வென்றவரின் முன்னிலையைக் கொஞ்சம் கூட்டினார்கள், அது நல்லதுதான் என்பது எங்கள் கட்சி.

பேச்சாக எழுந்து பேச்சாகவே போன வடிவங்களும் உண்டு. 2014இல், மூன்று நாள் ஓடிச் சேர்த்த நேர இடைவெளிகளை எல்லாம் சுருக்கிவிட்டு, கடைசி ஸ்டேஜில் வெற்றியை முடிவு செய்யலாம் என்று ஒரு திட்டம் வந்தது. தொலைக்காட்சிக்கு விறுவிறுப்பாக இருக்குமாம். டிரைவர்கள் ஒரே குரலில் எதிர்த்தார்கள், திட்டம் நிராகரிக்கப்பட்டது. அந்த மாதங்களில் செய்திகளைப் படித்தவர்கள் அது வந்தே தீரும் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அதிகாரபூர்வ அறிவிப்பாவது உறுதியா? 2024ஐப் பாருங்கள். ராலி1 கார்களின் ஹைப்ரிட் பாகம் (எஞ்சினுக்குத் துணையான மின்மோட்டார்) 2025 முதல் நீக்கப்படும், காரும் கொஞ்சம் மெதுவாக்கப்படும் என்று பிப்ரவரியில் அறிவித்தார்கள். டீம்கள் எதிர்த்ததும் ஜூனில், மாற்றம் எதுவும் இல்லை, ஹைப்ரிட் தொடரும் என்றார்கள். நவம்பரில் மறுபடி, ஹைப்ரிட் போகிறது என்றார்கள். கடைசியில் போயேவிட்டது. பிப்ரவரியை நம்பியவர், ஜூனை நம்பியவர், இருவருமே ஏதோ ஒரு மாதத்தில் சரியாகத்தான் இருந்தார்கள்.

போட்டியின் நீளம் பற்றியும் நிறையக் கேட்கிறீர்கள். அமைப்பாளர்களுக்குச் சுதந்திரம் கொடுத்துச் சில போட்டிகளைச் சுருக்கலாம், சிலவற்றை நீட்டலாம் என்ற யோசனை கொஞ்ச காலமாகவே உலவுகிறது. இதில் எங்களுக்கு ஒரு சாய்வு உண்டு, மறைக்கவில்லை: நீண்ட போட்டிதான் பிடிக்கும். ஸ்டேஜ் தூரம் சுமார் 300 கிலோமீட்டர் என்பதே இப்போது வழக்கமாகிவிட்டது. ஆனால் 2012இல் அர்ஜென்டினா 500 கிலோமீட்டர் ஓடியது. 2016 மெக்சிகோவில் குவானாஹுவாட்டோ என்ற ஒரே ஸ்டேஜ் மட்டும் 80 கிலோமீட்டர். டயரைக் காப்பாற்றத் தெரிந்தவர் யார், தெரியாதவர் யார் என்பது அப்படிப்பட்ட இடத்தில்தான் வெளிப்படும். இதெல்லாம் ஆசை. ஆசையை அட்டவணையில் அச்சடிக்க முடியாது.

பெயர்ப் பட்டையில் கோ-டிரைவர் (பக்கத்தில் உட்கார்ந்து பாதைக் குறிப்பு வாசிப்பவர்) பெயரும் இருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறீர்கள். பின்பக்க ஜன்னலில் இரண்டு பெயர்: மேலே டிரைவர், கீழே கோ-டிரைவர். 2021 ஜனவரியில், மான்டி கார்லோவுக்குச் சில நாட்களே இருக்கும்போது, தியரி நூவிலும் நிக்கோலா ஜில்சூலும் பிரிந்தார்கள். மார்ட்டைன் வைடாக என்ற புதியவர் குறிப்புப் புத்தகத்தோடு உட்கார்ந்தார். அதே ஜோடிதான் 2024இல் உலகப் பட்டம் வென்றது. டிரைவர் மாறாமலே பட்டை மாறிவிட்ட கதை இது. நுழைவுப் பட்டியலுக்குக் காத்திருப்பதற்கு இதைவிட நல்ல காரணம் எங்களிடம் இல்லை.

2027க்கு வருவோம். புதிய விதியில் முன்வரிசைக் காரின் விலைக்கு 3,45,000 யூரோ உச்சவரம்பு. பல பாகங்கள் ராலி2 காரிலிருந்து வரும். பெரிய கார் கம்பெனிகள் மட்டுமல்லாமல் தனியார் தயாரிப்பாளர்களும் கார் கட்டலாம். இதனால் இருக்கைகள் பெருகும் என்று பலர் எழுதுகிறீர்கள். பெருகலாம். ஆனால் முழு சீசன் இருக்கைகளைவிட, இரண்டு மூன்று போட்டிகளுக்கான இருக்கைகள்தான் முதலில் பெருகும் என்று நினைக்கிறோம். கார் மலிவானாலும் கண்டம் விட்டுக் கண்டம் பயணம் மலிவாகவில்லையே. அப்படியானால் ஒரே காருக்கு இன்னும் அதிகப் பெயர்கள். எங்களுக்கு வியாபாரம்தான், புகார் இல்லை. ஆனால் அவசரப்பட்டால் வீண்.

அதனால் இந்த முறை தாள்களை இரண்டாகப் பிரிக்கிறோம். வண்ணம், விளம்பரதாரர் குறிகள் அடங்கிய உடல் தாள் தனி. டீம் தன் காரின் வண்ணத்தை வெளியிட்ட பிறகு அது வரும். பெயர்ப் பட்டை, கொடி, எண் அடங்கிய சிறு தாள் தனி. அது ஒவ்வொரு போட்டியின் நுழைவுப் பட்டியலுக்குப் பிறகு. 2019 முதல் டிரைவர்கள் நிரந்தர எண் வைத்துக்கொள்வதால் எண்ணையாவது முன்னாலேயே அச்சடிக்கலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். சாம்பியன் விரும்பினால் 1ஐ எடுத்துக்கொள்ளலாம், வேண்டாமென்றும் விடலாம். ரோவன்பெரா 2023இல் 69ஐயே வைத்துக்கொண்டார். ஆக, அதுவும் உறுதியில்லை. அவசரமாக வேலையைத் தொடங்க வேண்டியவர்களுக்காக 0 முதல் 9 வரை இலக்கங்கள் மட்டும் உள்ள பொதுத் தாள் இருக்கிறது, அதை இப்போதே அனுப்புகிறோம்.

சுவர் அட்டவணை, போட்டி நாள்காட்டியும் புள்ளி முறையும் இரண்டுமே உறுதியானதும் வரும். 2025 எஸ்டோனியா சோல்பெர்க் பட்டை, 2024 ஹ்யுண்டாய் மூன்றாவது காரின் மூன்று பட்டைகள், 2022 மான்டி கார்லோ லோப் பட்டை எல்லாம் கையிருப்பில் உள்ளன. ஆர்டர் எழுதும்போது போட்டியின் பெயரையும் ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள். "ஓஜியே பட்டை ஒன்று" என்று மட்டும் எழுதினால் நான்கு டீம்களில் எந்த ஓஜியே என்று திரும்பக் கேட்க வேண்டிவருகிறது.

அன்புடன்,
கடைப் பொறுப்பாளர்