கறுவலும் புள்ளியும் ஒரே வீட்டில்: கை கொடுத்த எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். சந்தையில் கண்டாலும் கோயில் வீதியில் கண்டாலும் "உங்கட வீட்டுப் பூனையள் இன்னும் அடிபடுதோ?" என்று கேட்கிறீர்கள். இப்போது இல்லை. அதற்கு நான் மட்டும் காரணமில்லை, அதனால் எல்லாருக்கும் சேர்த்தே இங்கே எழுதிவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: கறுவல் எங்கள் கொக்குவில் வீட்டில் பல வருடமாக ராசாவாக இருந்த கடுவன். புள்ளி, யாரோ அட்டைப்பெட்டியில் போட்டுச் சந்தை மதிலோரம் விட்டுப்போன பெட்டைக் குட்டி.

முதல் நன்றி மிருக வைத்தியருக்கு. குட்டியைக் கொண்டுபோன அன்றே பூச்சி மருந்து கொடுத்து, காதைப் பார்த்து, விசர்நாய் நோய்த் தடுப்பூசிக்குத் திகதியும் எழுதித் தந்தார். அதைவிடப் பெரிய உதவி அவர் சொன்ன ஒரு விஷயம்: இரண்டையும் உடனே முகத்துக்கு முகம் விடவேண்டாம், முதலில் மணம் பழகட்டும், பார்ப்பது பிறகு. பூனைக்கு இடம் என்றால் மணம்தானாம். கன்னத்தில் மணம் சுரக்கும் சுரப்பிகள் இருக்கின்றன, கதிரைக் காலிலும் எங்கள் காலிலும் அது முகத்தைத் தேய்ப்பது தன் மணத்தைப் பூசி வைக்கத்தான். அப்படிப் பூசி வைத்த வீட்டுக்குள் முன்பின் தெரியாத இன்னொரு மணம் வந்தால் சீறாமல் என்ன செய்யும்? சீறுவது குற்றமில்லை, அதற்காக அதட்டவும் கூடாது என்றார். நோய் ஏதும் இருந்தால் பெரியதுக்குத் தொற்றாமல் இருக்கவும் குட்டியைத் தனியே வைப்பதுதான் நல்லது என்றும் சொன்னார்.

தனி அறை என்றால் எங்கள் வீட்டில் நெல்லும் ஒடியலும் வைக்கிற அறைதான். பூனை என்றால் முகம் சுளிக்கிற அம்மா ஒரு சொல் சொல்லாமல் அதை ஒதுக்கித் தந்தார். அப்பாவின் பழைய சாரத்தைத் துண்டு துண்டாகக் கிழித்துத் தந்ததும் அவர்தான். ஒரு துண்டால் புள்ளியின் கன்னத்தைத் துடைத்துக் கறுவலின் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பது, கறுவலைத் துடைத்த துண்டைப் புள்ளியின் படுக்கையில் வைப்பது. தொடக்கத்தில் கறுவல் அந்தத் துணியைப் பார்த்தே உறுமியது. போகப் போக அதற்கு மேலேயே படுத்துத் தூங்கியது.

அப்புறம் சாப்பாடு. பூட்டிய கதவுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் மற்றது என்று ஒரே நேரத்தில் வைக்கவேண்டும், அதுவும் நாக்கு ஊறுகிற சாப்பாடாக. மற்றதன் மணம் வந்தால் நல்லது நடக்கும் என்று இரண்டும் பழகட்டும் என்பதுதான் கணக்கு. எங்களுக்கு வந்த சிக்கல் என்னவென்றால், அந்த நேரம் பார்த்து நல்லூர்க் கந்தன் கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏறிவிட்டது. 25 நாளும் எங்கள் வீட்டில் மச்சம் (மீன், இறைச்சி) இல்லை. பூனைக்கு விரதம் சொல்லிக் கொடுக்க முடியுமா? அது மச்சம் இல்லாமல் வாழ முடியாத உயிர், சோறும் பருப்பும் அதற்குப் போதாது. வேலிக்கு அங்கால் இருக்கிற மரியாள் பக்தை மாமிதான் காப்பாற்றினார். தன் குசினியில் சூடையை உப்பு, வெங்காயம் போடாமல் அவித்து (வெங்காயம் பூனைக்கு நஞ்சு, அதை எங்களுக்குச் சொன்னதும் அவர்தான்), முள் எடுத்து, இரண்டு கிண்ணத்தில் வேலிக்கு மேலால் நீட்டுவார். தேர், தீர்த்தம் அன்றைக்குக்கூடத் தவறவில்லை. மாமி, இந்த உதவிக்கு நாங்கள் என்ன செய்வது!

கண்ணால் பார்க்க விடுகிற கட்டத்துக்கு வந்தபோது தச்சுவேலை அண்ணை கோழிவலை அடித்த சட்டம் ஒன்று செய்து கதவு நிலையில் பொருத்தித் தந்தார். கூலி வாங்கவில்லை, பலகைக் காசு மட்டும். அலுமாரிக்குப் பக்கத்தில் ஏறிப்போக இரண்டு தட்டும் அடித்தார், அதை நாங்கள் கேட்கவே இல்லை. இப்போது கறுவல் கோபம் வந்தால் மேலே ஏறி இருந்துவிடுகிறது, பாதிச் சண்டை அதிலேயே முடிகிறது.

ரொறன்ரோவில் இருக்கிற அக்காவுக்கும் நன்றி. பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக, அவை மலசலம் கழிக்க மண் தட்டு வை, அதுவும் ஒரே மூலையில் அடுக்காதே என்று வட்ஸ்அப்பில் விடாமல் சொன்னார். கொஞ்சம் அதட்டல்தான், ஆனால் சரி. ஒன்று வாசலை மறித்துக்கொண்டு இருந்தாலும் மற்றதற்கு வேறு இடம் இருக்கவேண்டும் அல்லவா. பழைய பேசின் மூன்றில் அரித்த மணல் போட்டு விறாந்தையில் ஒன்று, அறையில் ஒன்று, பின்பக்கத்தில் ஒன்று வைத்தோம்.

எல்லாம் சரிவந்தது என்று இருக்கும்போது, ஒரு பின்னேரம் மதிலில் வெளிக் கடுவன் ஒன்று வந்து நின்றது. அதைப் பிடிக்க முடியாத ஆத்திரத்தில் கறுவல் திரும்பிப் பக்கத்தில் இருந்த புள்ளி மேல் பாய்ந்துவிட்டது. ரியூசனுக்குப் போகிற வழியில் வந்திருந்த பக்கத்து வீட்டுத் தம்பி கையை நீட்டவில்லை, சுவரில் தொங்கிய சுளகை எடுத்து இரண்டுக்கும் நடுவில் செருகினான். பூனைப் பல் ஊசிபோல ஆழமாக இறங்கும், லேசில் சீழ் பிடித்துவிடும். பெரியவர்கள் கத்திக்கொண்டு நின்றபோது அந்தப் பொடியனுக்கு இருந்த நிதானம்! திரும்பவும் கதவைப் பூட்டி, துணி மாற்றுவதில் இருந்து தொடங்கினோம். இந்தமுறை கெதியாகவே வழிக்கு வந்துவிட்டன.

இப்போது இரண்டும் குசினியில் ஒரே நேரம் சாப்பிடுகின்றன. ஒன்றை ஒன்று நக்கிக் கட்டிப்பிடித்துத் தூங்கும் படம் கேட்டு யாரும் செய்தி அனுப்பவேண்டாம், அப்படி ஒன்றும் நடக்கவில்லை. வாங்கில் இந்த முனையில் ஒன்று, அந்த முனையில் மற்றது. எனக்கு அது போதும்.

புள்ளிக்குக் கருத்தடை செய்ய வைத்தியரிடம் நாள் வாங்கியாயிற்று. கோழிவலைச் சட்டம் இனி எங்களுக்குத் தேவையில்லை, அண்ணையிடமும் கேட்டுவிட்டேன். புதுப் பூனை கொண்டுவருகிறவர்கள் யாரும் வந்து எடுத்துப் போகலாம், கதவு நிலை அகலத்தை மட்டும் அளந்துகொண்டு வாருங்கள்.