சாட்சி வாசலில் கிடக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் நாளிதழில் மூட்டுவலி பற்றி அரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தீர்கள். எடையைக் குறைக்கச் சொன்னீர்கள், நடக்கச் சொன்னீர்கள், சம்மணம் போட வேண்டாம் என்றீர்கள். எல்லாம் சரி. முட்டுக்குக் கீழே பாதம் என்று ஒன்று இருப்பதைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் 29 வருடம் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்தவன். பெரும்பாலும் திருநெல்வேலி - பாபநாசம் தடம். பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பை, வி.கே.புரம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். கூட்டமான வண்டியில் எங்கள் இரண்டு கையும் சும்மா இருக்காது. ஒன்றில் டிக்கெட், ஒன்றில் சில்லறை. வளைவில் விழாமல் இருக்க இடது இடுப்பை சீட் கம்பியில் சாய்த்து, வலது காலை அகட்டி ஊன்றித்தான் நிற்போம். என் கால் கெட்டது இதனால்தான் என்று எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை. நானாக நினைத்துக்கொள்வதுதான்.

ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தபோது வலது முட்டில் வலி தொடங்கியது. படி இறங்கினால் உள்பக்கமாக ஊசி குத்துகிற மாதிரி இருக்கும். ஆறு மாதத்தில் அது இடுப்புக்கு ஏறியது, அப்புறம் முதுகின் அடிப்பக்கத்துக்கு. காலையில் குனிந்து வாய் கொப்பளிக்க முடியாது. டவுனில் ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துவிட்டு, "தேய்மானம்" என்றார்கள். இந்தத் தேய்மானம் இருக்கிறதே, நம் பக்கம் ஐம்பதைத் தாண்டிய வீடுகளில் ரேஷன் கார்டு மாதிரி தவறாமல் இருக்கிறது. மாத்திரை சாப்பிட்டேன், முட்டில் ஊசி போட்டேன், இடுப்பில் பெல்ட் கட்டினேன். முட்டைப் பார்த்தவர் முதுகைத் தொடவில்லை. முதுகைப் பார்த்தவர் முட்டைக் கேட்கவில்லை. நடுவில் எண்ணெய் போட்டு நீவியும் பார்த்தேன். சுகமாகத்தான் இருந்தது, இரண்டு நாள்.

மூன்று வருடத்தில் ஒருவர்கூட என் பாதத்தைப் பார்க்கவில்லை. நம் ஊரில் டாக்டர் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றி விட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறோம். சாட்சி வாசலில் கிடக்கிறது, விசாரணை உள்ளே நடக்கிறது.

அந்தச் சாட்சியை முதலில் விசாரித்தவர் அம்பாசமுத்திரத்தில் செருப்பு தைக்கிறவர். வார் அறுந்துவிட்டது என்று கொடுத்தேன். அவர் வாரைப் பார்க்கவில்லை. இரண்டு செருப்பையும் கவிழ்த்துக் கல்லின்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இடது செருப்பில் குதியின் வெளி ஓரம் லேசாகத் தேய்ந்திருந்தது. யாருக்கும் அப்படித்தான் தேயுமாம். வலது செருப்பில் குதியின் உள் ஓரம் கத்தியால் சீவிய மாதிரி சரிந்து கிடந்தது. "அண்ணாச்சி, போன தடவையும் இப்படித்தான் கொண்டாந்திய. உங்க வலது கால் உள்ளுக்குச் சாயுது. முட்டு வலிக்குமே?" என்றார்.

எனக்கு டிப்போ ஞாபகம் வந்தது. முன் டயர் ஒரு பக்கமாகவே தேய்ந்தால் எங்கள் மெக்கானிக் டயரைத் திட்ட மாட்டார், அலைன்மென்ட்டைப் பார்ப்பார். டயரை மட்டும் மாற்றி மாற்றி வண்டியை வெளியே விடுகிற மெக்கானிக்கை எந்த டிப்போவிலும் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

மறுநாள் காலை தாமிரபரணியில் குளித்துவிட்டுப் படித்துறையில் ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். காய்ந்த கல்லில் என் இடது காலின் ஈரத்தடம் கிருஷ்ண ஜெயந்திக்கு மாவில் வைக்கிற பாதம் மாதிரி நடுவில் ஒடுங்கி அழகாக இருந்தது. வலது தடம் அப்பளம். அப்பளத்துக்குப் பேர்போன கல்லிடைக்குறிச்சிக்காரன், வேறு என்ன உவமை வரும்? குழியே இல்லை, முழுசாகப் பதிந்திருந்தது. அறுபது வருடமாக இதே ஆற்றில் குளிக்கிறேன், ஒருநாள்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

அதன்பிறகுதான் ஒரு பிசியோதெரபிஸ்ட் தம்பியிடம் போனேன். அவர் என்னை ஸ்டூலில் ஏற்றி நிறுத்திவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். போனில் படம் எடுத்தும் காட்டினார். பின்னாலிருந்து பார்த்தால் இடது காலில் சுண்டுவிரல் மட்டும் தெரிகிறது, வலது காலில் மூன்று விரல் வெளியே எட்டிப் பார்க்கிறது. பிறகு சுவரைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் குதியைத் தூக்கச் சொன்னார். இடது எழும்பியது. வலதில் முகம் கோணியதுதான் மிச்சம், குதி தரையை விட்டு எழும்பவே இல்லை.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். பாதம் ஒன்றில் 26 எலும்புகள். உள்கரண்டைக்குப் பின்னால் இறங்கி, உள்ளங்கால் வளைவைத் தூக்கிப் பிடிக்கிற தசைநார் ஒன்று இருக்கிறது. அது தளர்ந்தால் வளைவு படுத்துவிடும், குதி சாய்ந்துவிடும். அதன்மேல் நிற்கிற கீழ்க்கால் எலும்பு உள்பக்கம் திரும்பும். முட்டு உள்ளே ஒடுங்கும், தொடையெலும்பும் கூடவே திருகும். இடுப்பு அந்தப் பக்கம் கொஞ்சம் தாழும். முதுகு அதைச் சரிக்கட்ட வளைந்து கொடுக்கும். ஒரு அடிக்கு இதெல்லாம் ஒன்றுமில்லைதான். ஆனால் ஒரு நாளில் ஆயிரக்கணக்கில் அடி வைக்கிறோமே. வளைவு ரொம்பத் தூக்கலாக இருந்தாலும் வில்லங்கம்தானாம், அந்தப் பாதம் அதிர்ச்சியைத் தாங்காமல் மேலே அனுப்பிவிடும்.

எல்லா முட்டுவலிக்கும் பாதம்தான் காரணம் என்று சொல்ல வரவில்லை. என் வீட்டுக்காரி முப்பது வருடமாகப் பீடி சுற்றுகிறாள். அவள் செருப்பு ஒழுங்காகத்தான் தேய்கிறது, முட்டு மட்டும் வலிக்கிறது. அது வேறு கதை. தட்டைப் பாதத்தோடு ஒரு வலியும் இல்லாமல் காலம் தள்ளுகிறவர்களும் நிறைய உண்டு என்று அந்தத் தம்பியே சொன்னார்.

வைத்தியம் ஒன்றும் பெரிதில்லை. செருப்புக்குள் வளைவைத் தாங்க ஒரு திண்டு வைக்கச் சொன்னார். ஒட்டித் தந்தவர் அதே அம்பாசமுத்திரத்துக்காரர். துண்டைத் தரையில் விரித்துக் கால்விரலால் சுருட்டி இழுக்க வேண்டும், சுவரில் கையூன்றிக் கெண்டைக்காலை நீட்ட வேண்டும், தினமும் குதி தூக்க வேண்டும். முதல் வாரம் பேரன் கைகொட்டிச் சிரித்தான். நாலு மாதத்தில் முதுகுவலி ஏறக்குறைய விட்டது. முட்டு பாதிதான் விட்டது, தேய்ந்தது தேய்ந்ததுதான். இடையில் ஒருவர், சர்க்கரைக்காரர்கள் போடுகிற எம்.சி.ஆர். என்கிற மெத்து ரப்பர் செருப்பு வாங்கினால் போதும் என்றார். அது உணர்ச்சி குறைந்த பாதத்தில் புண் வராமல் காக்கிற மெத்தை. சாய்கிற குதியை அது நிமிர்த்தாது.

இனி என் கோரிக்கைகள். 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் தொடங்கியது. வீடு தேடி வந்து பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை தருகிறார்கள், இயன்முறை சிகிச்சையும் அதில் உண்டு. நல்ல காரியம். வருகிறவர்கள் வாசலில் கிடக்கிற செருப்பைத் தாண்டித்தான் உள்ளே வருகிறார்கள். முட்டு வலிக்கிறது என்கிறவரின் செருப்பை ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும். அரை நிமிட வேலை.

அரசுப் பள்ளிகளில் விலையில்லாக் காலணி கொடுக்கிறார்கள். அதற்கு அளவெடுக்கிற அன்றைக்கே பிள்ளைகளை முன்விரலில் எம்பி நிற்கச் சொல்லிப் பார்க்கலாம். சின்னப் பிள்ளைகளுக்குப் பாதம் தட்டையாக இருப்பது சகஜம், வளர வளர வளைவு தெரியும். என் பேரனுக்கு நாலு வயது, அவனுடையதும் அப்பளம்தான். மருமகள் பயந்துபோனாள். எம்பி நின்றான், வளைவு வந்துவிட்டது, கவலையில்லை என்று அனுப்பிவிட்டார் அந்தத் தம்பி. எம்பி நின்றும் வளைவு வராத பிள்ளை, ஒரு கால் மட்டும் சாய்கிற பிள்ளை, கால் வலிக்கிறது என்று அழுகிற பிள்ளை, இவர்களை மட்டும் டாக்டரிடம் அனுப்பினால் போதும்.

எங்கள் தெருப் பையன் ஒருவன் விடியற்காலை நாலரைக்கு எழுந்து ஒரு வருடம் ஓடிப் பழகினான். ராணுவத் தேர்வில் ஓட்டத்தில் ஜெயித்தும் விட்டான். மருத்துவப் பரிசோதனையில் தட்டைப் பாதம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தன் பாதம் இப்படி என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரியும். ஒரு வருடம் அவனுக்கு டீ போட்டுக் கொடுத்த அம்மாவுக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

டாக்டர்கள் 'செருப்பை வெளியே விடவும்' போர்டை எடுக்க வேண்டாம். மூட்டுவலிக்காரர் மட்டும் செருப்பைக் கையில் கொண்டுவரட்டும். போன மாதம் செக்கப்புக்குப் போனபோது நான் பழைய செருப்பை ஒரு மஞ்சப்பையில் சுருட்டி எடுத்துப் போனேன். நர்ஸம்மா முகத்தைச் சுளித்தார். டாக்டர் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடத்துநர் ஒருவர்,
கல்லிடைக்குறிச்சி.