லைட் பில் நிதியும் நம் பங்கும்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2023

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, தோட்டத்துப் பெரியவர்களே, தாய்மார்களே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மரண வீடுகளுக்கான உதவி இந்த வருடமும் தடையில்லாமல் போனது. பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கொப்பி கொடுத்தோம். மயானப் பாதையைச் சிரமதானமாகத் துப்புரவு செய்தோம். நம் மலையக மக்கள் இந்தியாவிலிருந்து இலங்கைக்கு வந்து 200 வருடம் ஆனதை நினைத்து மன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்த நடைபயணத்தில் நம் இளைஞர்கள் சிலரும் கலந்துகொண்டார்கள். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். எனவே இந்த அறிக்கையில், வருடம் முழுக்க நம்மைப் பிடித்து ஆட்டிய லைட் பில் விடயத்தையே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

கணக்கைப் பாருங்கள். 2022 ஓகஸ்ட்டுக்கு முன்பு மாதம் 30 யூனிட் எரித்த வீட்டுக்கு யூனிட் இரண்டரை ரூபா, நிலையான கட்டணம் 30 ரூபா, ஆக 105 ரூபா பில் வந்தது. அந்த ஓகஸ்ட்டில் சராசரியாக 75 வீதம் கூட்டினார்கள், அதே பில் 360 ரூபா ஆனது. 2023 பெப்ரவரியில் இன்னும் 66 வீதம் கூட்டியதும் அதே 30 யூனிட்டுக்கு 1300 ரூபா கேட்டார்கள். பத்திரிகையில் 66 வீதம் என்றுதான் போட்டிருந்தது. ஆனால் மிகக் குறைவாக எரிக்கிற வீட்டுக்குத்தான் அடி மிகப் பலமாக விழுந்தது. அப்போது தோட்டத்தில் நாட்சம்பளம் 1000 ரூபா, அதுவும் சொன்ன கிலோவுக்குத் தேயிலைக் கொழுந்து காட்டினால்தான் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம். மழையில் கொழுந்து குறைந்து அரைப்பேர் விழுந்த மாதத்தில் இந்த பில்லை எதைக் கொண்டு கட்டுவது? காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் நம் மலைகளுக்கு நடுவில்தான் நிரம்பி நிற்கின்றன. லக்சபான நீர்மின் நிலையத்தில் 1950இலிருந்து கரண்ட் எடுக்கிறார்கள். அந்தக் கரண்டில் ஒரு பல்ப் எரிக்க தோட்டத்து வரிசை வீடான நம் லயத்து வீடு திண்டாடியது.

ஏப்ரலில், நிலுவையைக் கட்டாவிட்டால் கரண்டை வெட்டுவோம் என்று எச்சரிக்கும் சிவப்பு பில் வரத் தொடங்கியது. சித்திரை வருடப்பிறப்பு முடிந்து நடந்த பொதுக்கூட்டம் உங்கள் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். சங்கப் பணத்தில் பில் கட்ட உதவலாமா என்று கேட்டதும் சத்தம் கூடியது. "குடிக்கக் காசு இருக்கு, பில்லுக்குக் காசு இல்லையா?" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். பின்வரிசையில் இருந்த ஓர் அக்கா எழுந்து, "குடிக்கிறது அவரு, இருட்டுல இருக்கிறது நானும் பிள்ளைங்களுந்தான். எங்களுக்கு என்ன பதில் சொல்றீங்க ஐயா?" என்று கேட்டார். அதற்கு மேல் அந்தப் பேச்சு எழவில்லை. என்னைக் கேட்டால் இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. பொறுப்பில்லாமல் செலவு செய்கிற ஆளைச் சங்கம் தாங்கிப் பிடிக்கக்கூடாது. அதற்காக அந்த ஆளின் வீட்டுப் பிள்ளையைத் தண்டிக்கவும் முடியாது.

அன்று எடுத்த முடிவுப்படி, நிலுவையில் பாதியை வீட்டுக்காரர் முதலில் கட்டி, பற்றுச்சீட்டைக் காட்ட வேண்டும். மறுபாதியைச் சங்கம் கட்டும். பணத்தை யார் கையிலும் கொடுப்பதில்லை. பொருளாளரே பில்லை எடுத்துப்போய் டவுன் தபாற்கந்தோரில் கட்டிவிடுவார். வட்டி கிடையாது, திருப்பிக் கேட்பதும் கிடையாது. வாராவாரம் தவணை கட்டும் கிழமை லோன் எடுத்து லைட் பில் கட்டிவிட்டு, அப்புறம் அந்த லோனுக்காக நகையை அடகு வைத்த வீடுகள் நம்மிடையே உண்டு. அதனால்தான் கடனாகக் கொடுக்கும் யோசனையைக் கைவிட்டோம்.

பாதியை நீ கட்டு என்பது கடுமையான விதி என்று சிலர் சொன்னார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பாதியைக் கட்டியவர் மறுபாதியைத் தலைநிமிர்ந்து வாங்கினார். அடுத்த மாதம் மீட்டரைத் தானே பார்க்கவும் தொடங்கினார். சீருடையைத் தினமும் அயன் பண்ணாமல் ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாக அயன் பண்ணுகிறார்கள். குளிக்கத் தண்ணீர் காய வைப்பதைப் பழையபடி விறகு அடுப்புக்கு மாற்றியிருக்கிறார்கள். இதையெல்லாம் செய்யச் சொல்லிச் சங்கம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

இந்த விதிக்கு ஒரு விலக்கு வைத்தோம். உழைக்கும் ஆள் யாரும் இல்லாத வயதானவர்கள், படுக்கையில் இருப்பவர்கள் வீட்டு பில்லை முழுதாகச் சங்கமே கட்டியது. அவர்களிடம் போய்ப் பொறுப்பைப் பற்றிப் பேசுவது அநியாயம்.

சிலர் பாதியைக் கட்டுவதாகச் சொல்லிவிட்டுக் கட்டவில்லை. அவர்கள் வீட்டுக்கு நானும் தலைவரும் போய் அடுப்படியில் உட்கார்ந்து பேசினோம். கூட்டத்தில் பெயர் வாசிக்கவில்லை, இனியும் வாசிக்க மாட்டோம். உதவி பெற்றவர்களின் பெயர் பொருளாளருக்கும் கணக்குப் பரிசோதகருக்கும் மட்டுமே தெரியும். புத்தகத்தில் பில்லின் கணக்கிலக்கம் மாத்திரமே இருக்கிறது.

நிதி எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கொழும்பில் கடைகளில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் சம்பள நாளில் அனுப்பினார்கள். இங்கே படித்து ஆசிரியர்களானவர்கள் கொடுத்தார்கள். கோயில் கமிட்டி திருவிழாவுக்கு இரண்டு நாள் பிடிக்கும் லவுட்ஸ்பீக்கரையும் சீரியல் பல்பையும் ஒரு நாளாகக் குறைத்து, மிஞ்சியதை இந்த நிதிக்குத் தந்தது. அம்மன் அதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று பூசாரி ஐயா சொன்னபோது எனக்கு மனம் நிறைந்தது. வெளியூரிலிருந்து ஒருவர் பெரிய தொகை தர முன்வந்தார். ஆனால் உதவி பெறுபவர்களை வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுத்து பேஸ்புக்கில் போட வேண்டும் என்றார். கமிட்டி ஒரே குரலாக மறுத்தது. அந்தத் தொகை வந்திருந்தால் இன்னும் பல பில்களைக் கட்டியிருக்கலாம் என்பது உண்மை. ஆனாலும் அந்த முடிவு சரியானது என்றே இன்றும் சொல்கிறேன்.

மே மாதக் கடைசியில் சாதாரண தரப் பரீட்சை. அதற்குச் சில நாட்களுக்கு முன்பு கீழ் லயத்தில் ஒரு வீட்டில் கரண்ட் வெட்டப்பட்டது. பரீட்சை எழுதும் பிள்ளை அந்த வீட்டில் இருந்தாள். யாரும் கேட்காமலே பக்கத்து வீட்டு அண்ணன் தன் வீட்டிலிருந்து வயர் இழுத்து ஒரு பல்ப் போட்டுக் கொடுத்தார். பிள்ளை படித்தாள், பரீட்சையும் எழுதினாள். ஆனால் பரீட்சை முடிந்த பிறகும் வயர் அங்கேயே இருந்தது. பல்போடு டீவியும் சேர்ந்தது.

ஜூலை முதலாம் திகதி கட்டணம் குறைந்தது, எல்லாரும் சந்தோஷப்பட்டோம். 30 யூனிட் பில் 450 ரூபாவாக இறங்கியது. ஆனால் அந்த அண்ணன் வீட்டு பில் ஏறியது. காரணத்தை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த ஜூலைக் கட்டணப்படி 60 யூனிட்டுக்குள் நின்றால் முதல் 30 யூனிட்டுக்குப் பத்து ரூபா, மிச்சத்துக்கு 25 ரூபா. 60ஐத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே 32 ரூபா, 60க்கு மேல் 35 ரூபா. நிலையான கட்டணமும் 400 ஆகிவிடும். 40 யூனிட் எரிக்கும் வீட்டுக்கு 850 ரூபா. அதே மீட்டரில் பக்கத்து வீடும் சேர்ந்து 70 யூனிட் ஆனால் 2670 ரூபா. நல்ல மனதோடு வயர் கொடுத்தவர் மூன்று மடங்குக்கு மேல் கட்ட நேர்ந்தது. வாய்விட்டுச் சொல்லவும் அவருக்குக் கூச்சம். நாமாகப் போய் விசாரித்த பிறகே விடயம் வெளியில் வந்தது. வெட்டப்பட்ட வீட்டின் நிலுவையை இரு பகுதியாரும் பேசித் தீர்த்து, இணைப்பைத் திரும்ப எடுத்துக் கொடுத்தோம். வயரும் கழற்றப்பட்டது. மழைக்காலத்தில் தகரக் கூரை மேல் போன வயர் அது, ஆபத்து வேறு.

இதிலிருந்துதான் அடுத்த வேலை தொடங்கியது. நம் லயங்களில் அண்ணன் தம்பி குடும்பங்கள் ஒரே மீட்டரில் இருப்பது சாதாரணம். இரண்டு குடும்பமும் தலா 40 யூனிட் எரித்தால் ஜூலைக் கட்டணத்தில் சேர்த்து 3020 ரூபா. தனித்தனி மீட்டர் என்றால் இரண்டுக்கும் சேர்த்து 1700தான். பில் கட்ட மாதாமாதம் உதவுவதைவிட மீட்டரைப் பிரிக்க ஒரு தடவை உதவுவது மேல் என்று கமிட்டி கருதுகிறது. இதற்குத் தோட்ட நிர்வாகத்தின் கடிதம் வேண்டும், வயரிங் ஒழுங்காக இருக்க வேண்டும். விண்ணப்பங்களை நிரப்பும் வேலை நடக்கிறது. அரசின் அஸ்வெசும உதவித்தொகைப் பட்டியலில் பெயர் வராதவர்களுக்கு மேன்முறையீடு எழுதிக்கொடுத்த அதே இளைஞர்கள்தான் இதையும் செய்கிறார்கள். அவர்களுக்கு சபை நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது.

ஒக்டோபரில் மறுபடியும் 18 வீதம் கூடியது. தர்மத்தால் மட்டும் இதைத் தாங்க முடியாது. கொழும்பில் இருக்கும் நம் பிள்ளைகளும் வாடகை அறையில்தான் இருக்கிறார்கள். கட்டணத்தைத் திருத்துமுன் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மக்களிடம் கருத்துக் கேட்பது வழக்கம். அடுத்த தடவை நம் சங்கத்தின் கடிதமும் அங்கே போக வேண்டும். ஒரு மீட்டரில் இரண்டு குடும்பம் இருக்கும் லயத்து வீட்டுக்கு 60 யூனிட் எல்லை எப்படி அநியாயமாகிறது என்பதை நம் பில்களையே இணைத்துக் காட்டலாம்.

உறுப்பினர்களிடம் ஒரு வேண்டுகோள். சிவப்பு பில் வரும்வரை காத்திருக்க வேண்டாம். முதல் மாதம் தவறும்போதே பொருளாளரிடம் சொல்லுங்கள். ஒரு மாத நிலுவையில் பாதியை எந்த வீட்டாலும் எப்படியாவது புரட்டலாம், நாலு மாத நிலுவையில் பாதியை முடியாது. மீட்டர் பிரிக்க விரும்புகிறவர்கள் அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது கடைசி மூன்று பில்லையும் அடையாள அட்டைப் பிரதியையும் கொண்டு வரவும். இந்த அறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்குச் சமர்ப்பிக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்