வெள்ளவத்தை ஃபோன் கடை அண்ணைக்கு ஒரு பெரிய தேங்க்ஸ்

காலி வீதிப் பக்கம் ஃபோன் திருத்தக் குடுத்திட்டு நிக்கேக்க உள்ளுக்க லால்குடி ஜெயராமன்ர மோகனகல்யாணி தில்லானா போகுது, ஆரின்ர கலெக்‌ஷன் எண்டு சும்மா கேட்டன், அவ்வளவுதான், திருத்திற வேலைய அப்பிடியே வச்சிட்டு என்ர பென் டிரைவ வாங்கித் தன்ர வயலின் மிக்ஸ் முழுக்க ஏத்தித் தந்தவர். பேர் கேக்கேல்ல, காசு குடுத்தும் வாங்கேல்ல.

வீட்ட வந்து பாத்தா ஒவ்வொரு ஃபைலுக்கும் நம்பர், ராகம், வாசிச்ச ஆள் எல்லாம் தமிழில டைப் பண்ணி வச்சிருக்கிறார். இந்தக் காலத்தில ஆர் இப்பிடி மினக்கெடுவினம்? எம்.எஸ். கோபாலகிருஷ்ணன், குன்னக்குடி, பிறகு எல். சுப்பிரமணியம் (இவர் சின்ன வயசில யாழ்ப்பாணத்தில வளந்தவர், தேப்பன் லக்ஷ்மிநாராயணா அங்க சங்கீதம் படிப்பிச்சவர், 1958 இனக்கலவரத்தோட இந்தியாவுக்குத் திரும்பிப் போன குடும்பம்). அதுக்குப் பிறகு திடீரெண்டு அயர்லாந்து மைக்கேல் கோல்மன், 1920களில நியூயோர்க்கில பதிஞ்ச பழைய ரெக்கோட், கரகரப்போட! எங்கட ஆக்கள் சம்மணம் கட்டி வயலின்ர தலைய கால்ல ஊண்டிக் கமகம் (சுரத்த அசைச்சு வாசிக்கிறது) இழுப்பினம், அவங்கள் நிண்டோ கதிரையில இருந்தோ ஆடுறதுக்கெண்டு துள்ளத் துள்ள வாசிப்பாங்கள், ரெண்டும் ஒரே வாத்தியம்தான். உண்மையச் சொன்னா எனக்குக் குன்னக்குடி கொஞ்சம் ஓவர், ஆனா அண்ணை வச்ச ஓடரில கேக்கேக்க அதுகும் பிடிக்குது. "ஷஃபிள் மட்டும் போடாதேங்கோ" எண்டவர், போடேல்ல அண்ணை.

ஃபோனும் இப்ப நல்லா வேலை செய்யுது.