வலி மாத்திரை தாலுகா மருத்துவமனையிலேயே கிடைக்கச் செய்யக் கோரி மனு

அனுப்புநர்:
படுத்த படுக்கையான நோயாளிகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒன்பது குடும்பத்தார்
(பெயர், முகவரி, கையெழுத்து தனித்தாளில்)

பெறுநர்:
உயர்திரு செயலாளர் அவர்கள்,
மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: நோய் முற்றியவர்களுக்கான மார்ஃபின் என்ற வலி மாத்திரையைத் தாலுகா அளவில் வழங்கவும், வீட்டில் பார்த்துக்கொள்வோருக்கு இரவு நேர உதவி கிடைக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஒன்பது குடும்பத்தின் சார்பில் இதை நான் எழுதுகிறேன். எனக்குத் தையல் வேலை. அப்பா சுமை தூக்கும் தொழிலாளி. வாய்ப்புற்று வந்து, ஆபரேஷன் செய்து, கரண்ட் (கதிர்வீச்சு) வைத்து, எல்லாம் முடிந்த பிறகும் நோய் திரும்பிவிட்டது. "இனி வைத்தியம் கேட்காது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு ஐந்து மாதம் எங்களோடு இருந்தார்.

பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்களே தவிர, எப்படி என்று அன்றைக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்றும்போது தலையை எவ்வளவு உயர்த்த வேண்டும், குழாய் அடைத்துக்கொண்டால் என்ன செய்வது, முதுகில் புண் வராமல் எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது, எதுவும் தெரியாது. கன்னத்துப் புண்ணின் வாடை தெருவாசல் வரைக்கும் வரும். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் திண்ணையோடு திரும்பினார்கள். அப்பாவுக்கு அது புரிந்தது. யாராவது வந்தால் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொள்வார்.

இதை மாற்றியவர் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வந்த செவிலியர்தான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டம் எங்கள் வீட்டு வாசல்வரை வந்தது என்பதை நன்றியோடு சொல்கிறேன். உப்புப் போட்டுக் கொதிக்க வைத்து ஆறிய நீரில் புண்ணைக் கழுவச் சொன்னார். கிருமியைக் கொல்லும் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்மேல் தூவக் காட்டிக் கொடுத்தார். மூன்றாம் நாளே வாடை அடங்கியது. அன்று சாயங்காலம் அப்பா துண்டை எடுத்துத் தலைமாட்டில் வைத்தார், அப்புறம் அதைத் தேடவில்லை. ஆனால் வட்டாரத்துக்கே அவர் ஒருவர்தான். எங்கள் வீட்டுக்கு மாதம் இரண்டு முறை வர முடிந்தால் பெரிய விஷயம்.

வலிக்கு மார்ஃபின் எழுதிக் கொடுத்தார்கள். அபினியிலிருந்து எடுக்கும் மருந்து அது. 10 மில்லிகிராம் மாத்திரை, நான்கு மணி நேரத்துக்கு ஒன்று. பொடித்து, தண்ணீரில் கரைத்து, குழாய் வழியாகக் கொடுப்போம். காலை 6, 10, மதியம் 2, சாயங்காலம் 6, இரவு 10 மணிக்கு இரண்டாக. கூடவே மலம் இளகுவதற்கான மருந்து. ஒவ்வொரு வேளையும் நோட்டில் குறித்து வைப்பேன். "அதைக் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார்", "பழகிவிடும்" என்றெல்லாம் பெரியம்மா பயமுறுத்தினார்கள். அளவாகக் கொடுத்தால் அப்படி ஆகாது என்று செவிலியர்தான் உட்கார்ந்து விளக்கினார். அப்பா தூங்கினார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு டிவி பார்த்தார்.

இந்த மாத்திரை எங்கள் பக்கத்து மெடிக்கல் கடை எதிலும் கிடைக்காது. எங்களுக்கு மாவட்டத் தலைநகரில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில்தான். இரண்டு பஸ் மாறிப் போய்வர ஒரு நாள் ஆகும். ஒரு தடவைக்குப் பதினைந்து நாள் மாத்திரைதான் தருவார்கள். நான் போகும் நாளெல்லாம் தையலும் நிற்கும், அம்மாவின் நூறு நாள் வேலையும் நிற்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை போனபோது, ஸ்டாக் இல்லை, திங்கட்கிழமை வாருங்கள் என்றார்கள். வீட்டில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு மாத்திரை. அப்பாவால் பேச முடியாது என்பதால், கூப்பிடுவதற்கு எவர்சில்வர் டம்ளரில் கரண்டியால் தட்டுவார். வெள்ளி இரவு தொடங்கிய அந்தத் தட்டல் சனி விடியும்வரை ஓயவில்லை. 108-க்குப் போன் செய்தோம், உடனே வந்தார்கள். பக்கத்து அரசு மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோக முடிந்தது. அங்கே ஓர் ஊசி போட்டார்கள், அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. அவர்களிடம் மார்ஃபின் இல்லை. அந்த மருத்துவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் கையில் இருந்ததைத்தான் கொடுத்தார். ஞாயிறு இரவு தட்டுவதற்குக்கூட அப்பாவிடம் தெம்பு இல்லை, கரண்டி கையிலேயே இருந்தது.

ஐயா, இது பணத்தால் வந்த கஷ்டம் இல்லை. மார்ஃபின் விலை உயர்ந்த மருந்தும் இல்லை. வாங்கும் இடம் தூரமாக இருந்ததும், இருந்த ஒரே இடத்திலும் தீர்ந்துபோனதும்தான் காரணம். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தால் ஏற்பட்ட லைசென்ஸ் சிக்கல்களை நீக்கத்தான் 2014-இல் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தைத் திருத்தியது. மார்ஃபின் அந்தச் சட்டத்தின் கீழ் 'அத்தியாவசியப் போதை மருந்து' என்ற வகையில் வந்தது. வலி நிவாரணப் பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவர் இருந்து, மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அங்கீகாரம் பெற்றால், ஒரு மருத்துவமனை இதை வைத்து வழங்கலாம். எங்கள் தாலுகா மருத்துவமனையில் மருத்துவர் இருக்கிறார், மருந்தாளுநர் இருக்கிறார், பூட்டி வைக்க அலமாரியும் இருக்கிறது. பயிற்சியும் அங்கீகாரமும்தான் இல்லை. பக்கத்திலிருக்கும் கேரளம் 2008-லேயே இதற்கெனக் கொள்கை வகுத்து, உள்ளாட்சிகள் வழியாக வீடுவீடாகச் செவிலியரை அனுப்புகிறது. வீடு தேடி வரும் திட்டம் நம்மிடமும் இருக்கிறதே, மாத்திரையும் அதே வழியில் வரட்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.

ஆகவே, தாலுகா மருத்துவமனை ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒரு மருத்துவருக்கு இந்தப் பயிற்சி அளித்து, அங்கீகாரம் பெற்று, மார்ஃபினை எப்போதும் இருப்பில் வைக்க உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். ஸ்டாக் குறையும்போதே மேலிடத்துக்குத் தகவல் போக வேண்டும், தீர்ந்த பிறகு அல்ல. நோயாளி நேரில் வர வேண்டும் என்று சில இடங்களில் சொல்கிறார்களாம். எங்களில் ஒரு அண்ணன் தன் மனைவியை ஆட்டோவில் படுக்க வைத்துக் கொண்டுபோயிருக்கிறார். நோயாளியின் மருந்து நோட்டைக் காட்டினால் வீட்டாரிடம் கொடுக்கும்படி எழுத்தில் உத்தரவு வேண்டும்.

இரவுதான் எங்களுக்கு ரொம்பக் கஷ்டம். மூச்சு இழுக்கும், இரத்தம் கசியும், யாரிடம் கேட்பது என்று தெரியாது. 104 மருத்துவ ஆலோசனைத் தொலைபேசிச் சேவையில் இரவில் இந்த வைத்தியம் தெரிந்த ஒருவர் பேசினால், பாதிப் பேர் ஆம்புலன்ஸைக் கூப்பிடவே மாட்டோம். வட்டாரத்துக்கு இன்னொரு செவிலியரும் வேண்டும். டிஸ்சார்ஜ் செய்யும் நாளில் வீட்டாருக்கு ஒரு மணி நேரம் செய்துகாட்டினால் போதும், குழாய், புண், படுக்கை எல்லாவற்றையும் நாங்களே பார்த்துக்கொள்வோம்.

அப்பாவின் மருந்து நோட்டின் நகலை இணைத்திருக்கிறேன். கட்டம் காலியாக இருக்கும் மூன்று நாட்களும் அதில் தெரியும். அப்பா இறந்து எட்டு மாதம் ஆகிறது. ஆனால் எங்கள் ஒன்பது வீடுகளில் மூன்றில் இப்போதும் நோயாளிகள் இருக்கிறார்கள். அதில் ஒரு பாட்டிக்கு மாத்திரை வரும் 14-ஆம் தேதி வரைக்கும்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒன்பது குடும்பத்தார் கையெழுத்து)

இணைப்பு: மருந்து நோட்டு நகல் – 6 பக்கம், கையெழுத்துத் தாள் – 1