செயலாளரின் ஆண்டறிக்கை: மேளமும் பந்தும் ஒரே பொருளறையில்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவையினரே, உறுப்பினர் பெருமக்களே, மேளக் குழுவின் தம்பி தங்கையரே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நம் சங்கத்தின் காற்பந்து, கபடி, உருமி மேளப் பிரிவுகளில் இந்த ஆண்டு ஆள் எப்படிச் சேர்ந்தது, எங்கே கழன்றது, ஏன் கழன்றது என்பதை மட்டும் இங்கே வைக்கிறேன்.

காற்பந்து

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் நம் சுங்கை சிப்புட்டைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களில் லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு)ப் பக்கத்திலேயே கோயில், தமிழ்ப்பள்ளி, திடல் மூன்றும் இருந்தன. விடியுமுன் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்பு, மதியத்துக்குள் ரப்பர்ப் பால் எடுப்பு. மாலை ஐந்து மணிக்குத் திடலில் 11 பேரைச் சேர்க்க யாரும் யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், இவ்வூர்க்காரரான துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர் பணத்தைத் திரட்டித் தோட்டங்களை வாங்க வழி செய்தார். பிறகு பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய்த் தாமான் என்னும் வீடமைப்புப் பகுதி வந்தது. நம் ஆட்டக்காரர்களின் சட்டை முதுகில் இன்னும் தோட்டப் பெயர்தான் இருக்கிறது. போட்டிருப்பவர்களோ வெவ்வேறு தாமானில் குடியிருந்து, வெவ்வேறு ஷிப்டில் வேலை பார்க்கிறார்கள்.

காற்பந்து விதிப்படி ஓர் அணியில் 7 பேருக்குக் குறைந்தால் ஆட்டத்தைத் தொடங்கவே முடியாது. இரவு ஷிப்டு வாரங்களில் நமக்கு அதுதான் நடந்தது. ஆகவே வியாழன் இரவுக்குள் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் பெயர் எழுதச் சொன்னோம். வெறும் கட்டைவிரல் குறியைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பெயரும் ஷிப்டும் எழுத வேண்டும். திடலாட்டத்துக்கு ஆள் போதாவிட்டால் அந்த வாரம் ஃபுட்சால் என்னும் சிறுதளக் காற்பந்து. அதற்கு 5 பேர் போதும். ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஐந்து பேர் போதும் என்று ஆனதும், அந்த ஐவர் தங்களுக்குள் ஒரு தனிப் புலனக் குழுவை உண்டாக்கிக்கொள்கிறார்கள். ஆறாவது ஆள் இரண்டு வாரம் ஓரத்தில் நின்று பார்ப்பார், மூன்றாவது வாரம் வரமாட்டார். ஃபுட்சாலில் ஆள் மாற்றத்துக்கு வரம்பு கிடையாது. ஆட்டத்தை நிறுத்தாமலே மாற்றலாம். அந்த விதியைப் பயன்படுத்தி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒருவரைக் கட்டாயம் மாற்ற வேண்டும் என்று வைத்த பிறகுதான் புதியவர்கள் நிலைத்தார்கள்.

பந்தைப் பற்றி ஒரு சொல். காற்பந்துத் திடலின் 5-ஆம் எண் பந்தைச் சிமெண்டுத் தளத்துக்கு எடுத்துப் போகாதீர்கள். ஃபுட்சால் பந்து 4-ஆம் எண். 2 மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் முதல் துள்ளல் 50 முதல் 65 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். சுவரில் கோடு போட்டு வைத்திருக்கிறோம், பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் துள்ளும் பந்தில் புதியவர் எவருக்கும் கால் படியாது. ஆட்டம் வரவில்லை என்று அவர் மேல் பழி போடுவோம்.

கோல்காவலர் பிரச்சினை இந்த ஆண்டும் தீரவில்லை. மலேசிய அணியின் கோல்காவலராக இருந்த ‘ஸ்பைடர்மேன்’ ஆறுமுகத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் பெரியவர்கள் இருக்கும் ஊரில், கையுறையை மாட்ட ஓர் ஆள் இல்லை.

கபடி

கபடியில் களத்தில் 7 பேர், மாற்று ஆட்டக்காரரோடு 12 பேர். ஒரு தாமானின் இரண்டு சாலைப் பிள்ளைகளே போதும். அதனால்தான் நம் பிரிவுகளில் மிகவும் ஒட்டியிருப்பது இதுதான் என்று நினைத்திருந்தோம். கூர்ந்து பார்த்தால் அவர்களை ஒட்டவைப்பது பாய் விரிக்கும் வேலை.

ஆண்கள் ஆடுகளம் 13 மீட்டருக்கு 10 மீட்டர். விளிம்பில் ஒன்றையொன்று கவ்வும் பற்களுள்ள 1 மீட்டர் சதுரப் பாய் 130 வேண்டும். சுவரோரத்திலிருந்து விரிக்கத் தொடங்கினால் பற்கள் சரியாகக் கவ்வாத இடங்களில் சிறிது சிறிதாக இடைவெளி சேர்ந்து, கடைசி வரிசை உட்காராது. நடுவிலிருந்து தொடங்க வேண்டும். 13 ஒற்றைப்படை என்பதால் நடுக்கோடு இரண்டு பாய்களின் இணைப்பில் விழாது, ஏழாவது வரிசையின் நடுவயிற்றில் விழும். புதிதாகக் கோடு ஒட்டுபவர்கள் எல்லாரும் இணைப்பில்தான் ஒட்டுகிறார்கள். அரை மீட்டர் பிசகிவிடுகிறது. ஒரு பக்கம் குறுகி மறுபக்கம் நீள்கிறது. நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பாடிச் செல்பவர் கடந்தாக வேண்டிய தொடுகோடு, அதிலிருந்து 1 மீட்டரில் கூடுதல் புள்ளிக்கான போனஸ் கோடு. அளவு நாடா இல்லாமல் காலடியால் அளந்த ஒரு நாள் நடந்த சண்டையை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. பாயைக் கழற்றும்போது மூலையைப் பிடித்து இழுத்தால் பற்கள் கிழியும். விளிம்பின் நடுவில் கைகொடுத்துத் தூக்க வேண்டும். சிமெண்டுத் தூசியைக் கூட்டாமல் விரித்தால் பாய் முழுதும் நகரும், கணுக்கால் போகும்.

இந்த வேலைக்கு நல்ல ஆட்டக்காரர், சுமார் ஆட்டக்காரர் என்ற பேதம் இல்லை. அணியில் இடம் கிடைக்காத பையன்களும் பாய்க்கு வருகிறார்கள். வந்து உட்கார்ந்து ஆட்டம் கற்றுக்கொள்கிறார்கள். பெண்பிள்ளைகளின் வலைப்பந்துக்கும் இதே முறையைக் கொண்டுவர எண்ணம். இப்போது அங்கே கம்பம் நடுவது முதல் எல்லாவற்றையும் ஆசிரியை ஒருவரே செய்கிறார்.

உருமி மேளம்

தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குப் போகும் காவடிகளை எண்ணித்தான் நம் குழுவின் ஆண்டே ஓடுகிறது. பூசத்துக்கு முன் ஆள் நிறைய இருக்கும், பூசம் முடிந்ததும் பாதி காணாமல் போகும். பங்குனி, சித்திரையில் யார் தோலைத் தளர்த்தி வைக்க வருகிறார்களோ அவர்களே அடுத்த ஆண்டும் குழுவில் இருப்பவர்கள்.

உருமியின் இடப்பக்கத் தோலில் வளைந்த குச்சியைத் தேய்த்தால் உறுமல், வலப்பக்கத்தில் நேர்க்குச்சியால் அடி. புதியவர் முதல் நாளே உருமியைக் கேட்பார். கொடுத்தால், சத்தம் வரவில்லை என்று அழுத்தித் தேய்த்துத் தோலைக் கிழிப்பார். எனவே முதலில் ஜால்ரா, பிறகு மேசைமேல் பழைய ரப்பர்ச் செருப்பை வைத்துக் கைப்பழக்கம், அதற்குப் பிறகு பம்பை, கடைசியில் உருமி. அலுப்பாக இருக்கும் என்று சிலர் விலகுகிறார்கள். விலகட்டும். ஜால்ராவை நாலு எண்ணிக்கையில் நிறுத்த முடியாதவர் உருமியில் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவார். காவடி எடுப்பவர் மூச்சிரைத்து நிற்பார்.

ஊர்வலத்தில் தாளம் பிசகுவதற்கு எல்லாரும் கவனக்குறைவைத்தான் காரணம் சொல்கிறார்கள். தூரமும் ஒரு காரணம். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. 10 மீட்டர் பின்னால் வருபவருக்கு முன்வரிசை அடி ஏறத்தாழ 0.03 நொடி பிந்திக் கேட்கும். அவர் காதை நம்பி அடித்தால் அவர் அடி முன்னால் வந்துசேர இன்னொரு 0.03. இரண்டும் சேர்ந்தால் அடி இரட்டித்துக் கேட்கும். நீள வரிசையில் நடக்காமல் பிறை வடிவில், ஐந்து மீட்டருக்குள் நின்று, முதல் உருமிக்காரரின் குச்சியைக் கண்ணால் பார்த்து அடிக்க வேண்டும்.

மூடிய மண்டபத்தில் பயிற்சி வேண்டாம் என்பதை மறுபடியும் சொல்கிறேன். 85 டெசிபெல்லில் 8 மணி நேரம் காது தாங்கும் என்பது கணக்கு. 3 டெசிபெல் கூடும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபெல் என்றால் கால் மணி நேரம்தான். நம் மேளம் அதைத் தாண்டும். காதடைப்பான் பெட்டி பொருளறையில் இருக்கிறது, திறக்காமலே இருக்கிறது.

ஞாயிறு மாலைத் தகராறு

மேளக்காரர்களும் காற்பந்துக்காரர்களும் ஒரே நேரத்துக்குத் திடலைக் கேட்டார்கள். சமாதானத்துக்கு நட்பு ஆட்டம் வைத்தோம், பகை கூடியது. பிறகு பிரியாணி விருந்து வைத்தோம்; இரு பக்கமும் தனித்தனி மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுப் போனது. இது புதிதல்ல. 1954-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் முசாபர் ஷெரீப் என்னும் உளவியலாளர் 22 சிறுவரை இரண்டு குழுவாக்கிப் போட்டி வைத்தபோது, ஒருவர் கொடியை மற்றவர் எரிக்கும் அளவுக்குப் போனது. சேர்ந்து சாப்பிட வைத்தும் பயனில்லை. தண்ணீர்த் தொட்டி அடைப்பை நீக்கவும், நின்றுபோன லாரியைக் கயிறு கட்டி இழுக்கவும் இரு குழுவும் தேவைப்பட்டபோதுதான் இளகினார்கள். கயிறிழுப்புப் போட்டிக்குப் பயன்பட்ட அதே கயிறு.

நமக்கு லாரி இல்லை, கால்வாய் இருந்தது. திடலோரக் கால்வாய் அடைத்தால் திடலில் நீர் தேங்கும். அதே நீர் பொருளறைக்குள் புகுந்து தவிலின் தோலை நனைக்கும். மாதத்தின் முதல் ஞாயிறு காலை இரு பிரிவும் சேர்ந்து தூர்வாருவது என்று முடிவாகி நடந்துவருகிறது. பொருளறைச் சாவி இரண்டு, ஒவ்வொரு பிரிவிடமும் ஒன்று. மேளங்கள் தரையில் படாமல் மரப்பலகைமேல். அடித்து முடித்ததும் வார் தளர்த்தப்பட வேண்டும். ஈரத்தோலை நெருப்புக்கு அருகில் காட்டினால் வெடிக்கும், நிழலில் காற்றில் உலர்த்துங்கள். நேர அட்டவணைச் சண்டை முழுதும் நின்றுவிட்டது என்று சொல்லமாட்டேன். இப்போது சண்டை போடுபவர்களுக்கு ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியும்.

இரு பிரிவுக்கும் பொதுவான விதிகள்: இடி கேட்டால் திடலை விட்டு வெளியேறி, கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வெளிப்பயிற்சி இல்லை.

பதிவு

1966-ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டப்படி, இப்பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் ஆண்டறிக்கைப் படிவம், கணக்கு, பொறுப்பாளர் பட்டியல் ஆகியவை சங்கப் பதிவிலாகாவுக்குப் போய்ச் சேர வேண்டும். கையெழுத்துக்குப் பொறுப்பாளர்களைத் தேடி அலைய வைக்காதீர்கள். இன்றே போட்டுவிட்டுப் போங்கள்.

கபடிப் பிரிவு தனிப் பதிவு கேட்கிறது. விளையாட்டையே முதன்மை நோக்கமாகக் கொண்ட அமைப்பு 1997-ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் விளையாட்டு ஆணையரிடம் பதிய வேண்டும் என்பதால் கோரிக்கையில் நியாயம் உண்டு. பிரிந்தால் 130 பாயும் யாருக்கு, பொருளறைச் சாவி மூன்றாகுமா, முதல் ஞாயிறு கால்வாய்க்கு அவர்களும் வருவார்களா என்பதைத் தீர்மானத்திலேயே எழுதிவிட வேண்டும் என்பது செயலாளரின் கருத்து. நிகழ்ச்சி நிரலின் ஏழாவது அம்சமாக அது வருகிறது.

இவ்வறிக்கையை ஏற்க ஒருவர் முன்மொழிந்து மற்றொருவர் வழிமொழியுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்