சாக்கெட் மூடிய இரவு

அன்புள்ள நண்பா,

உன் மெயில் வந்து பத்து நாளாகிறது. அம்மாவுக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை நடந்ததால் உடனே பதில் எழுத முடியவில்லை. இப்போது நன்றாக இருக்கிறார். நேற்று யார் கையையும் பிடிக்காமல் மாடிப்படி ஏறிவிட்டார். உன் மகள் கல்லூரியில் சேர்ந்ததைக் கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எந்தப் பிரிவு என்று நீ எழுதவே இல்லையே?

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். வெப்சாக்கெட் (பிரவுசரும் சர்வரும் திறந்தே இருக்கும் ஓர் இணைப்பில் இருபக்கமும் செய்தி அனுப்பிக்கொள்ளும் முறை) கிளையன்ட் எழுதப் போகிறேன், அதை ரியாக்டிவ் முறையில், அதாவது வருவதையெல்லாம் ஓர் ஓடையாகப் பாவித்து, எழுதுவதால் பயன் உண்டா என்று கேட்டிருந்தாய். நிச்சயம் உண்டு. ஆனால் செய்திகளை வாங்கிக் காட்டும் இடத்தில் அது பெரிதாகத் தெரியாது. இணைப்பு அறுந்துபோகும்போதுதான் தெரியும்.

நான் முதலில் கால்பேக் வைத்து, அதாவது ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஓட ஒரு ஃபங்ஷனைக் கொடுத்துத்தான் எழுதினேன். குளிர்பதனக் கிடங்கின் அறை வெப்பநிலையைத் திரையில் காட்டும் வேலை. முதல் நாள் நாற்பது வரியில் முடிந்தது. அப்புறம் அறுந்தால் மறுபடி இணைய ஒரு டைமர், டைமர் ஏற்கெனவே ஓடுகிறதா என்று பார்க்க ஒரு ஃபிளாக் (ஆம், இல்லை என்று குறித்து வைப்பது), சாக்கெட், அதாவது அந்த இணைப்பு, திறக்கும் முன் அனுப்ப வேண்டியவற்றைச் சேர்த்து வைக்க ஒரு அரே, பக்கத்தை மூடினால் எல்லாவற்றையும் நிறுத்த இன்னொரு ஃபிளாக். எது எப்போது மாறும் என்று தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் அந்தக் கோடில் கை வைக்க முடிந்தது.

ரியாக்டிவ் முறைக்கான ஜாவாஸ்கிரிப்ட் நூலகமான ஆர்எக்ஸ்ஜேஎஸ்ஸில் வெப்சாக்கெட் ஃபங்ஷனுக்கு முகவரியைக் கொடுத்தால், வாங்கவும் அனுப்பவும் உதவும் ஒரு சப்ஜெக்ட் கிடைக்கும். சப்ஸ்கிரைப் செய்தால் வருவது கிடைக்கும், நெக்ஸ்ட் என்று கூப்பிட்டால் செய்தி போகும். முதல் ஆள் சப்ஸ்கிரைப் செய்யும்வரை சாக்கெட் திறக்காது. அதற்கு முன் நீ அனுப்பியவற்றை அதுவே பத்திரமாக வைத்திருந்து, திறந்ததும் அனுப்பும். கடைசி ஆள் விலகியதும் மூடிவிடும். செய்திகளை ஜேசன் என்ற எழுத்து வடிவுக்கு மாற்றி மீட்கும் வேலையும் அதனுடையதே. என் அரேயும் இரண்டாவது ஃபிளாக்கும் அன்றைக்கே போய்விட்டன.

மறுபடி இணைய, திரும்ப முயலும் ரீட்ரை என்ற ஆபரேட்டரைப் போட்டேன். தாமதம் 1, 2, 4, 8 வினாடி என்று ஏறி 30-இல் நிற்கும். அதோடு கொஞ்சம் ராண்டமும் சேர்த்துக்கொள். சர்வர் விழுந்து எழும்போது எல்லாத் திரைகளும் ஒரே நொடியில் கதவைத் தட்டக் கூடாது.

இவ்வளவும் செய்த பிறகு ஒரு நாள் காலை ஆறு மணிக்குக் கிடங்கு மேற்பார்வையாளர் ஃபோன் செய்தார். திரையில் இரவெல்லாம் மைனஸ் 18 என்றே இருந்திருக்கிறது. உள்ளே ஓர் அறைக் கதவு சரியாக மூடாமல் மைனஸ் 11 வரை ஏறியிருந்தது. நல்லவேளை, சரக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் நாள் முழுக்க மனசே சரியில்லை.

காரணத்தைக் கேள். இரவில் சர்வரில் புது வெர்ஷன் போட்டிருக்கிறார்கள். அது போகும்போது 1001 என்ற குறியீட்டை அனுப்பி முறையாக விடைபெற்றிருக்கிறது. ஒழுங்காக மூடிய சாக்கெட்டை ஆர்எக்ஸ்ஜேஎஸ் பிழையாகக் கருதாது. கம்ப்ளீட் ஆகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளும். ரீட்ரை பிழைக்கு மட்டும்தான் விழிக்கும். கேபிள் அறுந்தால் பிரவுசர் தானாகவே 1006 என்று சொல்லும், அப்போது பிழை வரும். நான் சோதித்ததெல்லாம் அந்த வழியை மட்டுமே. ரீட்ரைக்குக் கீழே, கம்ப்ளீட் ஆனதை மறுபடி தொடங்கும் ரிப்பீட் ஒன்றைத் தாமதத்தோடு போட்டதும் தீர்ந்தது. வெப்சாக்கெட்டின் விதிகளைச் சொல்லும், 2011-இல் வந்த ஆர்எஃப்சி 6455 என்ற ஆவணத்தில் 7.4-ஆம் பகுதியை மட்டுமாவது படித்துவிடு. இந்தக் குறியீடுகள் எல்லாம் அங்கே இருக்கின்றன.

இன்னொன்று. சில நேரம் இணைப்பு செத்திருக்கும், ஆனால் வெகுநேரம் பிரவுசருக்கே தெரியாது. வலைப்பக்கத்திலிருந்து வெப்சாக்கெட்டின் பிங் (இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் சிறு செய்தி) அனுப்ப ஜாவாஸ்கிரிப்டில் வழி கிடையாது. அதனால் ரீட்ரைக்கு மேலே ஒரு டைம்அவுட் வைத்தேன். பத்து வினாடி எந்த அளவும் வராவிட்டால் அதுவே பிழையாகி, பழைய சாக்கெட் மூடி, புதிதாக இணையும். திரையிலும் எண் சாம்பல் நிறமாகிவிடும். பழைய எண்ணைப் புதியதுபோல் காட்டுவதைவிட அது எவ்வளவோ மேல். டைம்அவுட், ரீட்ரை, ரிப்பீட், கடைசியில் ஒரே இணைப்பைப் பலருக்கும் பகிரும் ஷேர், இந்த வரிசையை மாற்றாதே. புதிதாக இணைந்த சர்வருக்கு உனக்கு எந்த அறைகளின் அளவு வேண்டும் என்று தெரியாது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும், சாக்கெட் திறந்ததைத் தெரிவிக்கும் ஓபன் அப்சர்வரில் அதைச் சொல்லிவிட வேண்டும்.

பொங்கலுக்கு ஊருக்கு வருவாய் அல்லவா? லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வா. அம்மா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். சாப்பிட்டுவிட்டு மாடியில் உட்கார்ந்து, ஒருமுறை கேபிளைப் பிடுங்கியும் ஒருமுறை சர்வரை ஒழுங்காக நிறுத்தியும் உன் கிளையன்ட் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

அன்புடன்,
உன் பழைய அறைத் தோழன்